விட்டுச் சென்றவர்கள் காத்த ஆலயம்

பின்லாந்தின் நடுப்பகுதியில், யூவாஸ்குலா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஏரிகள் சூழ்ந்த பெட்டாயாவெசி என்ற சிற்றூர் இருக்கிறது. ‘பெட்டாயா’ என்பது பைன் மரத்துக்கு அந்த மொழியில் உள்ள பழைய பெயர். ‘வெசி’ என்றால் தண்ணீர். மரமும் நீரும் சேர்ந்த இந்தப் பெயர் அங்குள்ள பழைய ஆலயத்தின் கதையில் பாதியைச் சொல்லிவிடுகிறது. 1763க்கும் 1765க்கும் இடையில் மரத்தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய லுத்தரன் சபை ஆலயம் அது. 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோடையில் அங்கே போகிறவர்கள் செங்குத்தாக இறங்கும் மரச்சில்லுக் கூரையையும், பழுப்பேறிய சுவர்ப் பலகைகளையும், நடந்து நடந்து தேய்ந்த தளத்தையும் பார்த்துவிட்டு, ஒரு சபையின் பக்தி இரண்டரை நூற்றாண்டாக இதைத் தொடாமல் காத்து வந்திருக்கிறது என்ற எண்ணத்தோடு திரும்புவார்கள். அது இயல்பான எண்ணம்தான். ஆனால் நடந்தது வேறு. 1879இல் சபை புதிய ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்குப் பழைய ஆலயம் வழிபாடு இழந்து நின்றது. அது இன்று இந்தக் கோலத்தில் நமக்குக் கிடைத்திருப்பதற்கு முதற்காரணம், அதை உரியவர்கள் விட்டுச் சென்றதே. விட்டுச் சென்றவர்கள் தொலைவுக்குப் போகாமல், அழைத்தால் கேட்கும் தூரத்திலேயே தங்கிவிட்டார்கள் என்பது இரண்டாவது காரணம். இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே இப்படியொரு கட்டடம் இருந்திருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அது ஏன் ஏரிக்கரையில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காட்சிக்கு அழகான இடம் பார்த்துக் கட்டினார்கள் என்று இன்றைய கண்ணுக்குத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டு நடு பின்லாந்தில் சாலை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பண்ணை வீடுகள் காட்டுக்குள் சிதறிக் கிடந்தன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சதுப்பும் பாறையும் குறுக்கிட்டன. ஏரிகளோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. கோடையில் அவை படகுத்தடம்; உறைந்துவிட்டால் குதிரைச் சறுக்குவண்டி ஓடும் சமதளப் பாதை. ‘கிர்க்கோவெனே’ எனப்படும் ஆலயப் படகுகள் இந்த வாழ்க்கையில் உருவானவை. பல வீட்டார் பங்கு போட்டுக் கட்டி, பங்குக்கு ஏற்ப ஆள் அனுப்பித் துடுப்பு வலித்த நீண்ட படகுகள் அவை. போவதும் போகாததும் அவரவர் விருப்பமாகவும் இருக்கவில்லை. பின்லாந்து 1809 வரை சுவீடன் அரசின் பகுதி. அந்த அரசின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மக்கள் வேதத்தை வாசிக்கப் பழக வேண்டும் என்று கட்டளையிட்டது, சபையைக் கண்காணிக்கும் பொறுப்பைப் போதகரிடம் கொடுத்தது. தவறு செய்தவர்களின் காலைப் பூட்டிவைத்த தண்டனைக் கட்டையை பின்லாந்தின் பழைய ஆலயங்கள் பலவற்றின் வாசலில் இன்றும் பார்க்கலாம். அரச அறிவிப்பும் திருமண அறிவிப்பும் ஊர்ச் செய்தியும் ஆராதனையில்தான் காதில் விழும். ஆண்டில் இரண்டு பருவங்களில் மட்டும் இந்த வழி அடைபடும்: பனிப்பாளம் ஆளைத் தாங்காது, படகையும் விடாது. அந்த இடைக்காலத்துக்கு ‘கெலிரிக்கோ’ என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அப்போது சாவு நேர்ந்தால் அடக்கத்துக்குப் பிணம் காத்திருக்க வேண்டியதுதான். இன்று ஊரின் ஓரம் போலத் தெரியும் அந்தக் கரை, அன்று நாலு திசைப் பாதையும் வந்து கூடிய நாற்சந்தி. பிற்பாடு சாலை வந்தது, 1897இல் ஹாபமாக்கிக்கும் யூவாஸ்குலாவுக்கும் இடையே இரயில் பாதை இவ்வூர் வழியாகவே வந்தது. ஊர் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கியது. ஆலயத்தின் தனிமை அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது; கட்டியவர்கள் தேடிப் போனது அல்ல.

கட்டியவர் கிளெமெட்டியின் மகன் யாக்கோ லெப்பானென். குடியானவர் குலத்திலிருந்து வந்த தச்சர். கட்டடக்கலையை ஏட்டில் படித்தவர் அல்லர். ஆனால் அவர் எடுத்த தரைத்திட்டம், நான்கு கைகளும் ஏறக்குறைய சமமான சிலுவை, இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலைஞர்கள் மையம் நோக்கிய ஆலயத்துக்குச் சிறந்ததென்று போற்றிய வடிவம். அது காட்டுக்குள் எப்படி வந்தது? ஸ்டாக்ஹோமில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தரீனா ஆலயம் போன்ற நகரத்து முன்மாதிரிகளை ஆய்வாளர்கள் சுட்டுவார்கள். முன்மாதிரி இருந்திருக்கும். ஆனால் அது பின்லாந்தின் தச்சர்களிடையே வேரூன்றியதற்கு மரமே காரணம் என்று எனக்குப் படுகிறது. மரத்தண்டுகளைப் படுக்கை வாக்கில் அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் வைத்துக் கவ்வவிடுவது இந்தக் கட்டுமுறை. சுவரின் நீளம் மரத்தின் நீளத்தை மீற முடியாது. மீறினால் ஒட்டுப்போட வேண்டும், ஒட்டுப்போட்ட நெடுஞ்சுவர் காற்றுக்கும் கூரையின் உதைப்புக்கும் பிதுங்கும். சிலுவையாகக் கட்டினால் நாலு மூலைக்குப் பதில் பன்னிரண்டு மூலை. ஒவ்வொரு மூலையும் ஒரு முட்டுக்கால். குட்டையான சுவர்களைக் கொண்டே விசாலமான உள்வெளி கிடைத்துவிடும். பிரசங்கத்தை நடுவில் வைத்த லுத்தரன் வழிபாட்டுக்கும் அது வசதி: நடுச் சதுரத்தின் உள்மூலையில் பீடத்தை நிறுத்தினால் போதகரின் குரல் நான்கு கைகளுக்கும் எட்டும். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் லுத்தரன் ஆலயம், சிலுவைத் திட்டம் என்பதை இந்த இடத்தில் தமிழ் வாசகர் நினைத்துக்கொள்ளலாம். அங்கே பொருள் வேறு, தட்பவெப்பம் வேறு, வழிபாட்டின் தேவை ஒன்றே.

மேற்கூரையில் லெப்பானென் செய்தது இன்னும் வியப்பானது. நான்கு கைகளின் மேலும் பலகையாலான அரைவட்ட வளைவு. அவை கூடும் நடுவில் எட்டுப் பட்டையாக உயரும் மாடம். கல் கட்டடத்தில் வளைவு என்பது பாரத்தைச் சுவருக்கு இறக்கும் உபாயம். மரத்தில் அதற்கு அந்த வேலை இல்லை. உண்மையான கூரையைத் தாங்கும் சட்டம் மேலே தனியாக இருக்கிறது. கல்லில் பிறந்த ஒரு வடிவத்தை, அதன் தேவையை விட்டுவிட்டு, அழகை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோதிக் கல் ஆலயங்களின் வளைவு நினைவும் மறுமலர்ச்சித் தரைத்திட்டமும் ஒரே தச்சரின் கையில் கலந்திருப்பதைத்தான் யுனெஸ்கோ சிறப்பாகக் குறிப்பிட்டது. வளைவுகளின் ஓரத்தில் செந்நிறத்தில் ஓடும் எளிய கோலங்கள் தவிரப் பெரிய வண்ண வேலை கிடையாது. பிரசங்க பீடத்தைத் தோளில் சுமந்து நிற்கும் மரச்சிற்பம் கிறிஸ்தோபர். குழந்தை இயேசுவைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடத்தியதாகக் கதையுள்ள புனிதர். புனிதர் வணக்கத்தைச் சீர்திருத்தம் விலக்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், நீரைக் கடந்தே ஆலயத்துக்கு வந்த சபையில் அவருக்கு மட்டும் வேலை கிடைத்திருக்கிறது. 1821இல் யாக்கோவின் பேரன் எர்க்கி லெப்பானென் மணிக்கூண்டைக் கட்டி, அதை ஒரு நடையால் ஆலயத்தோடு இணைத்தார். தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன் தொடர்ந்த அந்தச் சேர்க்கை பின்னால் ஆலயத்தின் விதியையே தீர்மானித்தது என்பது என் கணிப்பு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட ஆலயங்கள் அன்று அபூர்வம் அல்ல. ஏரி நாடு முழுக்கக் குடியானவத் தச்சர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1776இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் அரசு ஆலய வரைபடங்கள் ஸ்டாக்ஹோமில் ஒப்புதல் பெற வேண்டும், இயன்றவரை கல்லில் கட்ட வேண்டும் என்று ஆணையிட்ட பின்னர்தான் தச்சரின் சுதந்திரம் மெல்லச் சுருங்கியது. அப்படியானால் 1765இன் ஆலயங்கள் ஏன் 1765இன் உருவில் இன்று அரிதாக இருக்கின்றன? எதிரி வந்து அழித்துவிடவில்லை. சபைகள் அவற்றைத் தொடர்ந்து நேசித்தன, அதுதான் காரணம். நேசிக்கிற கட்டடத்தை மக்கள் சும்மா விடமாட்டார்கள். மக்கள்தொகை கூடினால் கையை நீட்டுவார்கள். அச்சடித்த பாட்டுப்புத்தகம் ஆளுக்கொன்று வந்ததும் வெளிச்சம் வேண்டும், சன்னலை அகலமாக்குவார்கள். மரத்தண்டு நாட்டுப்புறத்தனமாகத் தெரியத் தொடங்கியதும் மேலே பலகை அடித்து வெள்ளை பூசுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அடுப்பு வரும். அடுப்போடு புகைக்கூண்டும் தீப்பயமும் வரும். சூடேற்றிய உள்வெளியில் ஞாயிறுதோறும் மரம் காய்ந்து சுருங்கும், திங்களன்று மறுபடி ஈரம் குடித்து ஊதும். பலகை வெடிக்கும், வண்ணம் உதிரும். இடமே போதாதென்றால் பழையதைப் பிரித்து, தண்டுகளை விற்றுவிட்டு அதே மேட்டில் புதியதைக் கட்டுவதும் உண்டு. மரத்தண்டுக் கட்டடத்துக்குப் பிரித்து விற்பது எளிது, வெட்டுவாயிலிருந்து கழற்றினால் போதும். உத்தரம் வேறு வீட்டுக்குப் போய்விடும். பெட்டாயாவெசியில் இவை எதுவும் நடக்கவில்லை. சபை வளர்ந்து, பழைய ஆலயம் சிறிதாகி, அதைப் பெரிதாக்கும் கட்டாயம் வந்து சேர்ந்த தருணத்தில் சபை வேறிடத்தில் புதியது கட்டிக்கொண்டது. மாற்ற வேண்டிய ஆசை முழுவதும் அங்கே செலவாகிவிட்டது.

ஒரே ஓர் ஊரை வைத்து இதைச் சொன்னால் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். பக்கத்து ஊர்களும் இதையே சொல்கின்றன. வடமேற்கே கெவுரு, அங்கும் ஏரிக்கரை, அங்கும் மரச்சிலுவை ஆலயம். 1750களின் இறுதியில் அன்ட்டி ஹகோலா கட்டியது. 1892இல் சபை புதிய ஆலயத்துக்குப் போனது. பழையது பழையபடியே நின்றது. அதற்கும் அப்பால் பிஹ்லயாவெசியில், காட்டு ஆலயம் என்று மக்கள் அழைக்கும் சிறிய மர ஆலயம் 1780களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதற்கும் இதே கதி, இதே நற்பேறு. மூன்றுக்கும் பொதுவானது பக்தியின் மிகுதி அன்று. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில், அதாவது பழையதை மேம்படுத்தும் வேகம் உச்சத்தில் இருந்தபோது, மூன்றும் மேம்படுத்த நினைத்தவர்களின் கண்ணில் படாமல் இருந்தன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். கைவிட்டால் கட்டடம் நிலைக்கும் என்பது அனுபவத்துக்கு முரண். ஆளில்லாத வீடு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியும். மரவீடு இன்னும் சீக்கிரம் போகும். கூரையில் ஒரு சில்லு நழுவினால் போதும், அந்தத் துளை வழியே இறங்கும் நீர் பத்திருபது ஆண்டில் சுவரின் மேல்தண்டை அழுகவைத்துவிடும். முழுக் கைவிடலைப் பற்றி இந்த மறுப்பு சொல்வது சரி. ஆனால் பெட்டாயாவெசியில் நடந்தது அரைக் கைவிடல். வழிபாடு போனதே ஒழிய, ஆலயத்தைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டம் போகவில்லை; 1821இன் மணிக்கூண்டும் பயன்பாட்டில் இருந்தது. புதைகுழிக்கு வரும் கால்கள் ஆலயத்தைக் கடந்துதான் போக வேண்டும். மணி அடிக்க வந்தவர் கூண்டின் படியேற வேண்டும். கூண்டு ஆலயத்தோடு ஒட்டியிருக்கிறது. ஒழுகினால் யார் கண்ணிலாவது படும். பின்லாந்தில் கல்லறை என்பது அடக்கம் முடிந்ததும் மறக்கப்படும் இடமும் அல்ல; கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பனிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் நாடு அது. தன் தாத்தா படுத்திருக்கிற மண்ணின் நடுவே நிற்கும் கூரையை ஒருவன் அழகுக்காகச் செப்பனிட மாட்டான், ஆனால் இடிந்து விழவும் விடமாட்டான். பேரன் எர்க்கி கூண்டைத் தனியே தள்ளி நிறுத்தாமல் ஆலயத்தோடு சேர்த்துக் கட்டியதில் வேறு நோக்கம் இருந்திருக்கலாம். பலன் இதுவாக அமைந்தது.

கைவிடலோடு குளிரும் சேர்ந்து உதவியது என்பதை விட்டுவிடக் கூடாது. அடுப்பில்லாத மரக்கட்டடம் வெளியே நிகழும் மாற்றத்தை மெதுவாக, தண்டின் தடிமன் வழியாக, வாங்கிக்கொள்கிறது. நீண்ட உறைகாலத்தில் பூஞ்சையும் பூச்சியும் அடங்கிக் கிடக்கும். மெல்ல வளர்ந்த வடபுலப் பைனின் நடுமரத்தில் பிசின் மிகுதி. கூரைச் சில்லுகளுக்கு அதே மரத்திலிருந்து வடித்த தார். அந்தத் தாரை ஐரோப்பியக் கடற்படைகளுக்கெல்லாம் விற்ற நாடு தன் ஆலயத்துக்கும் கொஞ்சம் பூசிக்கொண்டது. இன்றும் அந்த ஆலயத்தைச் சூடேற்றுவதில்லை.

இரண்டாவது மறுப்பு அறிஞர்களின் பக்கத்திலிருந்து வரும்: ஊரார் மறந்தார்கள், வெளியிலிருந்து வந்த நிபுணர் கண்டெடுத்தார், அவரால்தான் பிழைத்தது. 1920களில் வியன்னாவின் கலை வரலாற்றுப் பேராசிரியர் யோசப் ஸ்ட்ஜிகோவ்ஸ்கி இந்த ஆலயத்தின் மதிப்பை எடுத்துச் சொன்னார் என்பதும், 1929இல் கட்டடக்கலைஞர் கௌனோ கல்லியோவின் மேற்பார்வையில் செப்பனிடும் வேலை தொடங்கியது என்பதும் உண்மையே. ஸ்ட்ஜிகோவ்ஸ்கி சாதாரண ஆள் அல்லர். ஐரோப்பியக் கலை முழுவதும் ரோமிலிருந்து வந்தது என்ற கொள்கையை எதிர்த்துக் கிழக்கையும் வடக்கையும் முன்னிறுத்தியவர். இந்தியக் கோயிற்கலை பற்றி எழுதிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் வியன்னாவில் அவரிடம் பயின்றவர். தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்தவர். ஆனால் வடபுல மரக்கட்டடங்கள்மீது ஸ்ட்ஜிகோவ்ஸ்கி கொண்ட ஆர்வத்தை அவருடைய பிற்காலத்து வடக்கத்திய இனமேன்மைக் கருத்துகளிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். அதைச் சொல்லாமல் அவருக்கு மாலை போடுவது நேர்மையாகாது. அவர் கண்ட ‘தூய வடக்கத்திய’ ஆலயம், நாம் பார்த்தபடி, இத்தாலியத் திட்டமும் கோதிக் நினைவும் கலந்தது. தூய்மைக்கு அங்கே இடமே இல்லை. அதைவிட முக்கியமான கேள்வி: அவர் வந்தபோது பார்க்க ஏதோ இருந்ததே, எப்படி? 1879க்கும் அவர் வருகைக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. அந்த இடைவெளியைக் கடத்தியது எந்தப் பேராசிரியரும் அல்லர். நிபுணரின் பங்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் புதுப்பிக்காமல் விட்டது கல்லியோ தலைமுறையின் கட்டுப்பாடு. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அரைக் கைவிடல் என்ற விளக்கத்தைச் சோதிக்க எதிர்த்திசையிலும் ஒரு சான்று கிடைக்கிறது. தென்மேற்கே சஸ்தமாலாவில், ரவுத்தாவெசி ஏரிக்கரையில், டூர்வாவின் புனித ஓலாவ் ஆலயம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கல் கட்டடம். 1855இல் புதிய ஆலயம் வந்ததும் இதுவும் ஓய்ந்தது. 1990களில் ஊரார் கூலி வாங்காமல் கூடி, பல்லாயிரம் மரச்சில்லு செதுக்கிக் கூரையைப் புதிதாக வேய்ந்தார்கள். வேலை முடிந்த சில வாரங்களில், 1997 செப்டம்பரில், ஒருவர் தீ வைத்துவிட்டார். கூரையும் உள்ளே இருந்த மரவேலை அனைத்தும் சாம்பல். கற்சுவர் மட்டும் நின்றது. ஊரார் மறுபடி தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கூரை மீண்டது. பழைய சித்திரங்கள் போன இடத்தில் குட்டி லவோனென், ஓஸ்மோ ரவுஹலா என்ற இரு ஓவியர்கள் தீட்டிய புதிய படங்கள் 2009இல் நிறைவடைந்தன. கைவிட்ட ஆலயத்துக்காக இப்படி உழைப்பவர்கள் அதை எந்த அர்த்தத்தில் கைவிட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். தினசரிப் பயன் போன பிறகும் உரிமை உணர்வு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்காமல் இருந்திருக்கிறது. மறுபுறம், இடைவிடாத பயன்பாடு தீயிலிருந்து காக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. சபை தொடர்ந்து கூடிவந்த ஈலிவியெஸ்கா மர ஆலயம் 2016இல் ஈஸ்டருக்கு முதல்நாள் எரிக்கப்பட்டது. கீஹ்தெலுஸ்வாராவின் 18ஆம் நூற்றாண்டு ஆலயம் 2018இல் அப்படியே போனது. மரத்துக்கு முன்னால் ஒரு தீக்குச்சி பக்தி, பாராமுகம் என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று கேட்பார்கள்: உருவம் பிழைத்தது, ஆலயம் செத்துவிட்டதல்லவா? இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பொருட்காட்சிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. உலகப் பட்டியலில் அது சேர்ந்த அதே 1994இல்தான் ஜப்பானின் நாராவில் கூடிய வல்லுநர்கள், ஒன்றின் மெய்ம்மையை அதன் பொருளை வைத்து மட்டும் அளக்கக்கூடாது, பயன்பாடும் மரபும் உணர்வும் கணக்கில் வர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அளவுகோலில் 1879க்கும் 1929க்கும் இடைப்பட்ட ஆலயம் தோற்றிருக்கும். இன்றைய ஆலயம் பாதி தேறும்: கோடையில் ஆராதனை நடக்கிறது, திருமணங்கள் நடக்கின்றன, குளிர் வந்ததும் கதவு மூடிவிடும். பொருட்காட்சி என்று சொல்பவர்கள் இந்த மூடலைத்தான் சுட்டுவார்கள். என் பார்வையில் அந்த மூடல்தான் ஆலயத்தை இன்னும் ஆலயமாக வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் திறக்க வேண்டுமென்றால் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் வேறு ஊர்களில் நடந்ததெல்லாம் இங்கேயும் நடக்கும். கோடையில் வந்து போகிற கூட்டத்தின் காலடியும் ஈர மூச்சுமே அந்தத் தளத்துக்கும் பலகைக்கும் போதுமான சுமை. பார்க்க வருகிறவர் இப்போது சாலை வழியாக வருகிறார், அதாவது கட்டியவர்கள் பின்புறமாகக் கருதியிருக்கக்கூடிய திசையிலிருந்து. கரைக்கு இறங்கி நின்று திரும்பிப் பார்த்தால்தான் அந்தச் செங்குத்துக் கூரை ஏன் அவ்வளவு உயரம் என்பது புலப்படும்: மரங்களுக்கு மேலே, துடுப்பு வலிப்பவர்களின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே தெரிய வேண்டியிருந்தது.